சிறு நூலகத்தில் வட்டாரத் தொகுப்பு அமைப்பது எப்படி? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நூலகர்களுக்கான முழுமையான வழிகாட்டி

ஒரு கிளை நூலகத்திலோ ஊர்ப்புற நூலகத்திலோ உள்ள நாவல்கள், போட்டித் தேர்வு நூல்கள், சிறுவர் கதைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவை மற்ற நூலகங்களிலும் இருப்பவையே. பென்னாகரத்தில் தேடிக் கிடைக்காத ஒரு நூல் அரூரிலோ மாவட்ட மைய நூலகத்திலோ கிடைத்துவிடும். ஆனால் ஊர்ப் பள்ளி தன் பொன்விழாவுக்கு அச்சிட்ட மலர், பாரதக் கூத்துக்கு ஒட்டப்பட்ட சுவரொட்டி, உள்ளூர்க் கவிஞர் ஒருவர் தம் செலவில் முந்நூறு படி அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்த சிறு நூல் ஆகியவை அப்படிக் கிடைப்பதில்லை. 1954ஆம் ஆண்டின் நூல்கள் வழங்கல் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் சென்று சேர வேண்டும். ஊர் அச்சகத்தில் உருவாகும் இத்தகைய வெளியீடுகளை யாரும் அங்கே அனுப்பி வைப்பதில்லை. எனவே அவற்றைக் காப்பாற்றக்கூடிய ஒரே பொது இடம் அந்த ஊரின் நூலகம்தான். இப்படி ஓர் ஊரையும் அதன் சுற்றுப்புறத்தையும் பற்றிய பொருள்களைத் திரட்டித் தனியே வைப்பதே வட்டாரத் தொகுப்பு.

ஒரே ஒரு பணியாளர், ஒரு அலமாரி, ஒரு கைப்பேசி, தனி நிதி எதுவும் இல்லாத நிலை ஆகியவற்றை மனத்தில் கொண்டே இவ்வழிகாட்டி எழுதப்பட்டுள்ளது. கணினி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் இதில் கூறப்படும் பணிகளில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம்.

முதலில் அனுமதி, அதன்பின் எல்லை

பொது நூலகத் துறையின் கீழ் இயங்கும் நூலகம் என்றால், தொடங்கும் முன் மாவட்ட நூலக அலுவலருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதி, வட்டாரத் தொகுப்பு ஒன்றைத் தனி அலமாரியில் பராமரிக்க எழுத்து வழி ஒப்புதல் பெறுங்கள். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டப்பட்ட ஊராட்சி நூலகம் என்றால் அதன் நிர்வாகம் ஊரக வளர்ச்சித் துறையைச் சேர்ந்தது. அங்கே ஊராட்சித் தலைவரிடமும் வட்டார வளர்ச்சி அலுவலரிடமும் பேச வேண்டும். வாய்மொழி ஒப்புதல் போதாது. அன்பளிப்பாக வரும் பொருள்களைப் பெறுவது, பழைய நாளிதழ்களை எடைக்குப் போடும் முன் வெட்டி எடுப்பது ஆகிய இரண்டும் பின்னாளில் தணிக்கையில் கேள்விக்கு உள்ளாகக் கூடியவை.

அடுத்து எல்லையை வரையறுக்க வேண்டும். ஊர்ப்புற நூலகம் தன் ஊராட்சியையும் அதைச் சுற்றியுள்ள ஊராட்சிகளையும் எடுத்துக்கொண்டால் போதும். கிளை நூலகம் ஒரு வட்டத்துக்கு மேல் ஆசைப்பட வேண்டியதில்லை. மாவட்டம் முழுவதையும் தொகுக்கப் புறப்படும் சிறு நூலகம் எல்லா ஊரிலிருந்தும் ஓரிரு தாள்களைச் சேர்த்துவிட்டு, தன் ஊரைப் பற்றிய கேள்விக்கே விடை சொல்ல முடியாமல் நிற்கும்.

எல்லையை வகுக்கும்போது ஆட்சி எல்லைகள் மாறிய வரலாற்றைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம், ஏனெனில் பழைய ஆவணங்கள் எந்தப் பெயரின் கீழ் கிடைக்கும் என்பதை அதுவே தீர்மானிக்கிறது. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வழியாக, தருமபுரி, கிருஷ்ணகிரி ஊர்களை உள்ளடக்கிய பாராமகால் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியிடம் வந்தது. ஒசூர்ப் பகுதியோ திப்பு சுல்தான் வீழ்ந்த 1799இல்தான் வந்து சேர்ந்தது. அதன்பின் நெடுங்காலம் இரண்டுமே சேலம் மாவட்டத்துக்குள் இருந்தன. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று உருவானது. அதிலிருந்து கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9 அன்று பிரிந்தது. ஆகவே 1965க்கு முந்தைய எதையும் 'சேலம்' என்ற தலைப்பிலும், கிருஷ்ணகிரியைப் பற்றி 1965 முதல் 2004 வரை வெளிவந்ததைத் 'தருமபுரி' என்ற தலைப்பிலும் தேட வேண்டும். லெ ஃபனு தொகுத்து 1883இல் வெளியான சேலம் மாவட்டக் கையேடு, ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வெளியான சேலம் மாவட்ட விவரச் சுவடி, சென்னை அரசு அச்சகம் வெளியிட்ட பாராமகால் ஆவணத் தொகுதிகள் ஆகியவை இன்றைய இரு மாவட்டங்களுக்கும் பொதுவான அடிப்படை நூல்கள். இவை காப்புரிமைக் காலம் கடந்தவை என்பதால், இணையத்தில் கிடைக்கும் பிடிஎஃப் கோப்புகளிலிருந்து உங்கள் வட்டத்துக்குரிய பக்கங்களை மட்டும் அச்செடுத்துக் கட்டி வைத்தால் அதுவே தொகுப்பின் முதல் தொகுதியாகிவிடும்.

ஊர்ப் பெயர்களின் பல வடிவங்களையும் இப்போதே ஒரு தாளில் எழுதி வையுங்கள். தருமபுரி, தர்மபுரி; அரூர், ஹரூர்; பென்னாகரம், பெண்ணாகரம்; ஒசூர், ஓசூர்; ஒகேனக்கல், ஒகனேக்கல் என்று ஒவ்வொன்றும் அச்சில் இருவகையாக வருகிறது. ஒன்றைத் தலைவடிவமாகக் கொண்டு மற்றதற்கு 'காண்க' என்று குறிப்பு எழுதாவிட்டால், இருக்கும் பொருளையே இல்லை என்று வாசகரைத் திருப்பி அனுப்ப நேரிடும்.

தேடல் நூலகத்துக்குள்ளேயே தொடங்கட்டும்

வெளியே சென்று கேட்பதற்கு முன்பு சொந்த அலமாரிகளைப் பாருங்கள். நூலகத்துக்கு வரும் ஒவ்வொரு நூலையும் எண்ணிட்டுப் பதியும் சேர்க்கைப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, உள்ளூர் ஆசிரியர், உள்ளூர் அச்சகம், உள்ளூர்ப் பொருள் ஆகிய மூன்றில் ஒன்றேனும் பொருந்தும் நூல்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கவிதை அலமாரியில்தான் இவை அதிகமாக ஒளிந்திருக்கும். டியூயி பகுப்பு முறையைப் பின்பற்றும் நூலகத்தில் தமிழ் இலக்கியம் 894.811 என்ற எண்ணின் கீழும், தமிழ்நாட்டு வரலாறு 954.82 என்ற எண்ணின் கீழும் வரும். அந்த எண்களை மாற்ற வேண்டியதில்லை. நூலின் முதுகில் 'வ' என்ற எழுத்தைக் கூடுதலாக ஒட்டித் தனி அலமாரிக்கு நகர்த்தினால் போதும். ஒரே படி இருக்கும் நூலை வீட்டுக்கு இரவல் தராமல், அங்கேயே அமர்ந்து படிப்பதற்கு மட்டும் என்று விதி செய்துகொள்ளுங்கள்.

நாளிதழ்களின் மாவட்டச் செய்திப் பக்கம் இன்னொரு சுரங்கம். நாள்தோறும் வெட்டுவது ஒருவரே பணிபுரியும் நூலகத்தில் நடக்காத காரியம். மாதம் ஒருமுறை, எடைக்குப் போடுவதற்கான கட்டைக் கட்டும் நாளில் உட்கார்ந்து உங்கள் எல்லைக்குட்பட்ட செய்திகளை மட்டும் வெட்டி எடுங்கள்; இதழின் பெயர், நாள், பக்க எண் ஆகிய மூன்றையும் உடனே எழுதுங்கள். நாள் குறிக்கப்படாத நறுக்குச் செய்தி பெரும்பாலும் பயனற்றது. செய்தித்தாள் சில ஆண்டுகளிலேயே பழுத்து நொறுங்கும். ஆகவே நல்ல வெள்ளைத் தாளில் ஜெராக்ஸ் எடுத்து அதையே கோப்பில் வைப்பது சிறந்தது.

எவற்றைச் சேர்ப்பது?

தொகுப்பு என்றதும் பலரும் ஓலைச்சுவடியையும் கல்வெட்டையும் நினைக்கின்றனர். சிறு நூலகம் தொடங்க வேண்டிய இடம் அதுவன்று. நேற்று அச்சாகி நாளை குப்பைக்குப் போகும் தாள்களே அதன் முதல் இலக்கு: திருவிழா அழைப்பிதழ்கள், தெருக்கூத்து நோட்டீசுகள், எருது விடும் விழாத் துண்டறிக்கைகள், பள்ளி ஆண்டு மலர்கள், கூட்டுறவுச் சங்க அறிக்கைகள், தேர்தல் துண்டறிக்கைகள், மாம்பழக் கண்காட்சி அறிவிப்புகள், பட்டுக்கூடு விலைப் பட்டியல்கள், கிராம சபை அறிவிப்புகள். தமிழ்நாட்டில் கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாள்களில் கூடுகிறது. ஒவ்வொரு முறையும் அறிவிப்பின் ஒரு படியை வாங்கி வைத்தால், பத்தாண்டுகளில் அந்த ஊரின் குடிநீர், சாலை, பள்ளிக் கட்டடம் பற்றிய தொடர்ச்சியான வரலாறு எந்தச் செலவுமின்றிக் கைக்கு வந்துவிடும்.

ஊர்ப் பெரிய கோயிலின் அழைப்பிதழ் தானாகவே நூலக மேசைக்கு வந்துவிடும். காலனியில் நடக்கும் விழாவின் நோட்டீசு, மலைக் கிராமத்துப் பள்ளியின் மலர், இருளர் குடியிருப்பைப் பற்றிய ஆய்வறிக்கை ஆகியவை அப்படி வருவதில்லை. நாம் நடந்து சென்று கேட்டால்தான் கிடைக்கும். தானாக வருவதை மட்டும் அடுக்கி வைத்தால் ஊரில் சில தெருக்கள் இருந்ததற்கே சான்று இல்லாமல் போகும். மொழியிலும் அவ்வாறே. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கிலும் வடக்கிலும் தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குடும்பங்கள் நிறைந்துள்ளன. நூலகருக்குப் படிக்கத் தெரியாத எழுத்தில் இருக்கிறது என்பதற்காக ஒரு தாளை ஒதுக்கக் கூடாது. தெரிந்த வாசகர் ஒருவரைக் கொண்டு இரண்டு வரியில் பொருளைத் தமிழில் எழுதி இணைத்தால் போதும்.

தொல்லியலில் இவ்விரு மாவட்டங்களும் செல்வம் மிக்கவை. அதியமான்களின் தகடூர் (இன்றைய தருமபுரி), ஊர்தோறும் நிற்கும் நடுகற்கள், மல்லசந்திரத்துக் கற்றிட்டைகள் (பெருங்கற்கால ஈமச் சின்னங்கள்), பொ.ஆ.மு. 2172 எனக் காலம் கணிக்கப்பட்டு 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்ட, மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்பு ஆகியவற்றைப் பற்றி ஏராளமான கட்டுரைகள் வந்துள்ளன. தொல்லியல் துறை வெளியிட்ட அகழாய்வு அறிக்கைகளையும் கல்வெட்டுத் தொகுதிகளையும் வாங்கி வையுங்கள், பொருள்களைத் தொடாதீர்கள். நடுகல்லைப் படம் எடுக்கலாம், இருக்கும் இடத்தையும் யார் நிலத்தில் உள்ளது என்பதையும் குறிக்கலாம். பெயர்த்து நூலக வாசலில் நிறுத்துவது பாதுகாப்பு ஆகாது, ஏனெனில் நின்ற இடமே அந்தக் கல்லின் பாதிச் செய்தி. புதையுண்ட பொருள் எதையாவது யாரேனும் கொண்டுவந்தால், 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அது மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்கப்பட வேண்டியது என்று சொல்லி, கிராம நிர்வாக அலுவலரிடம் அனுப்பிவிடுங்கள்.

ஓலைச்சுவடி வந்தாலும் அதே நிதானம் தேவை. வரலாற்று அல்லது இலக்கிய மதிப்புடைய, 75 ஆண்டுகளுக்குக் குறையாத கையெழுத்து ஆவணம் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதைப் பேணும் வசதி நம்மிடம் இல்லை. சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்துக்கு எழுதும்படி உரிமையாளருக்கு உதவுவதே நம் வேலை.

அன்பளிப்பாகப் பெறும் முறை

யாரிடம் பெற்றோம், எப்போது பெற்றோம், திருப்பித் தர வேண்டியதா, வைத்துக்கொள்ளலாமா, பிறருக்குப் படி எடுத்துத் தரலாமா ஆகிய ஐந்து விவரங்களை ஒரு தாளில் எழுதி, கொடுத்தவரிடம் கையொப்பம் பெறுங்கள். அவருக்கும் ஒரு படி கொடுங்கள். பட்டா, பத்திரம், ஜாதகம், குடும்பப் படங்கள் போன்றவற்றை அசலாக வாங்கி வைத்துக்கொள்ளவே கூடாது. அவர் முன்னிலையிலேயே படம் எடுத்துவிட்டு அசலைத் திருப்பிக் கொடுங்கள். இல்லையேல் பங்காளிகள் சண்டையில் நூலகர் சாட்சியாக நிற்க வேண்டி வரும். ஆதார் எண், வங்கிக் கணக்கு, மருத்துவ விவரம் இடம்பெற்ற தாள்களைச் சேர்க்க வேண்டாம். பழைய நூல்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து இறக்குபவரிடம், எல்லைக்குள் வருவதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் அச்சக உரிமையாளர்களுமே பெரும்பாலும் அரிய பொருள்களைத் தருபவர்கள். அச்சகத்தில் அடிக்கும் ஒவ்வொரு நோட்டீசிலும் நூலகத்துக்கு ஒன்று என்று ஒருவரைச் சம்மதிக்க வைத்துவிட்டால், ஆண்டு முழுதும் கேட்காமலே வந்துகொண்டிருக்கும்.

பதிவேடு

சேர்ப்பதைவிடப் பதிவதே முக்கியம். பதியாத பொருள் இழந்த பொருளுக்குச் சமம். நூறு தாள்களைச் சேர்த்துவிட்டு மொத்தமாகப் பதியலாம் என்று தள்ளிப்போடாமல், வந்த நாளிலேயே எண் இடுங்கள். கோடிட்ட நீள நோட்டு ஒன்று போதும். வரிசை எண், பொருளின் பெயர், வகை, ஊர், வெளியான ஆண்டு, வந்த நாள், கொடுத்தவர், பக்க எண்ணிக்கை, வைத்திருக்கும் பெட்டி, குறிப்பு என்ற பத்துப் பத்திகள் அதில் இருக்கட்டும். 'வ/பென்/1' என்பதுபோல எளிய எண்முறை போதும். வகைக்கு ஒரு குறி, தெருவுக்கு ஒரு குறி என்று நீட்டினால் அடுத்து வருபவர் அதைக் கைவிட்டுவிடுவார். ஆண்டு தெரியாதபோது ஊகத்தை அடைப்புக்குறிக்குள் கேள்விக்குறியோடு எழுதுங்கள். தாளின் மேல் எண்ணைப் பென்சிலால் பின்பக்க மூலையில் எழுதலாம். பந்துமுனைப் பேனாவும் ரப்பர் முத்திரையும் கூடாது.

கணினி இருந்தால் அதே பத்துப் பத்திகளை விரிதாளில் யூனிகோடு எழுத்துருவில் ஏற்றுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தவை வேறு கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். அவற்றை யூனிகோடாக மாற்றும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உள்ளன. விரிதாள் சரியாக இருந்தால், பின்னாளில் நூலக மேலாண்மை மென்பொருளான கோஹா அல்லது தேசிய தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா மென்பொருளுக்கு அப்படியே நகர்த்திவிடலாம். இரண்டுக்கும் உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் மென்பொருள் வரட்டும் என்று பதிவைத் தள்ளிப்போடுவதில் எந்த நியாயமும் இல்லை.

பேணுதல்

நம் ஊர்களில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் மிகப் பெரிய கேடு லேமினேஷன். ஒருமுறை பிளாஸ்டிக்கில் உருக்கி ஒட்டிய தாளை மீண்டும் பிரித்தெடுக்க முடியாது. அசலை ஒருபோதும் லேமினேட் செய்யாதீர்கள். காட்சிக்கு வேண்டுமென்றால் வண்ணப் படி எடுத்து அதைச் செய்யுங்கள். செல்லோ டேப் அடுத்த எதிரி. சில ஆண்டுகளில் அதன் பசை பழுப்பாகித் தாளுக்குள் இறங்கிவிடும். கிழிசலை ஒட்டியே தீர வேண்டுமென்றால் மெல்லிய தாளும் மாவுப் பசையும் போதும். குண்டூசி, ஸ்டேப்ளர் கம்பி, ரப்பர் பேண்டு ஆகியவற்றை நீக்கிவிட்டு, அட்டைக்கு நடுவே வைத்துப் பருத்தி நாடாவால் தளர்வாகக் கட்டுங்கள்.

மர அலமாரியைவிட இரும்பு ரேக் கரையானிடமிருந்து பாதுகாப்பளிக்கும். அதைச் சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் இடைவெளி விட்டு வைத்து, கீழ்த்தட்டைக் காலியாக விடுங்கள். கரையான் மண்கோடு சுவரிலோ ரேக்கின் காலிலோ ஏறினால் அப்போதுதான் கண்ணில் படும். இராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும் பிடிக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் பெட்டிகளைத் திறந்து, நிழலில் காற்றாட வைத்துத் துடைப்பதே மலிவான மருந்து. வெயிலில் காயவைத்தால் மை மங்கும். கூரை ஒழுகும் இடத்தைப் பராமரிப்புப் பணி வரும்வரை காத்திராமல் இப்போதே தெரிந்துகொண்டு, அலமாரியை அதற்கு எதிர்மூலையில் நிறுத்துங்கள்.

மின்படியும் காப்புரிமையும்

படம் எடுக்கக் கைப்பேசியே போதும். காலை வேளையில் சன்னல் ஓரத்து மேசையில், ஃபிளாஷ் இல்லாமல், தாளுக்கு நேர் மேலே கைப்பேசியைப் பிடித்து எடுங்கள். கோப்பின் பெயரில் பதிவேட்டு எண்ணை முதலில் எழுதுங்கள். ஆயிரம் படங்கள் சேர்ந்த பிறகு பெயர் மாற்றுவது நடக்காது. நூலகக் கணினியில் ஒன்று, தனி வன்தட்டில் ஒன்று, மாவட்ட மைய நூலகத்தில் ஒன்று என மூன்று படிகள் இருக்கட்டும்.

சட்டம் இதில் நமக்குச் சாதகமாகவே உள்ளது. 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, இலாப நோக்கமற்ற பொது நூலகம் தன்னிடம் அச்சுப் படி உள்ள ஒரு படைப்பைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமிக்க இடமளிக்கிறது. இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூல், துண்டு வெளியீடு, வரைபடம் முதலியவற்றை நூலகப் பயன்பாட்டுக்காக மூன்று படிகள் வரை எடுக்கவும் அனுமதிக்கிறது. இவை நூலகத்துக்குள் வைத்துக்கொள்வதற்கே பொருந்தும். இணையத்தில் ஏற்றுவது வேறு. ஆசிரியர் மறைந்து, அதற்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் கடந்திருந்தாலோ, அரசு நாட்டுடைமையாக்கியிருந்தாலோ, உரிமையாளர் எழுத்தில் இசைந்திருந்தாலோ மட்டுமே ஏற்ற வேண்டும். 1925இல் பாப்பாரப்பட்டியில் மறைந்த சுப்பிரமணிய சிவாவின் எழுத்துகளுக்குத் தடை ஏதுமில்லை. அத்தகைய நூல்களை விக்கிமூலம் என்ற திறந்த இணைய நூலகத்தில் ஏற்றலாம். ஏற்றும் முன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் மதுரைத் திட்டத்திலும் ஏற்கெனவே உள்ளதா என்று பார்த்துக்கொண்டால் வீண் உழைப்பைத் தவிர்க்கலாம்.

பெரியவர்களின் நினைவுகள்

தாளில் இல்லாதது பலவும் பெரியவர்களின் நினைவில் இருக்கிறது. கிருஷ்ணகிரி அணை கட்டப்பட்ட 1950கள், ஒசூரில் சிப்காட் வந்த காலம், ஃபுளோரைடு கலந்த கிணற்று நீரைக் குடித்த ஊர்களுக்கு 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது, சாமையும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலம் மாந்தோப்பானது, பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன முதல் தலைமுறை என்று கேட்க வேண்டியவை நிறைய. "ஊரின் வரலாற்றைக் கூறுங்கள்" என்று கேட்டால் எவரும் விழிப்பார்கள். "தாத்தா, அந்தத் தண்ணி வர்றதுக்கு முன்னாடி குடிக்கத் தண்ணி எங்கிருந்து கொண்டு வந்தீங்க?" என்று ஒரு பொருளைப் பிடித்துக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். பதிவின் தொடக்கத்தில் நாள், இடம், பேசுபவரின் பெயர், அவருடைய இசைவு ஆகியவற்றை அவர் குரலிலேயே பதியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். அவர் பேச்சுவழக்கை எழுத்துத் தமிழாகத் திருத்தி எழுத வேண்டாம். கேட்டபடியே எழுதி, விளங்காத சொல்லுக்கு மட்டும் கீழே விளக்கம் தாருங்கள். பிறரைப் பழிக்கும் பகுதி வந்தால் அதை வெளியே தரக் கூடாதெனப் பதிவேட்டில் குறியுங்கள்.

வாசகர் கைக்குக் கொண்டு செல்லுதல்

அலமாரியைப் பூட்டி வைத்தால் அடுத்த ஆண்டு யாரும் எதையும் கொண்டுவந்து தரமாட்டார்கள். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதனின் பிறந்தநாளையொட்டிய ஆகஸ்ட் 12 நூலகர் தினத்திலும், நவம்பர் 14 முதல் 20 வரையிலான நூலக வார விழாவிலும் படிகளை மட்டும் கொண்டு சிறு காட்சி வையுங்கள். பெயர் தெரியாதவர்கள் உள்ள பழைய குழுப் படம் ஒன்றை ஒட்டி, பக்கத்தில் பென்சிலும் தாளும் வைத்தால் இவர் யார், எந்த ஆண்டு என்ற விவரங்கள் வாசகர்களிடமிருந்தே வந்துவிடும். உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பதிவேட்டின் ஒரு படியைக் கொடுங்கள். வாசகர் வட்டத்தில் ஆர்வமுள்ள இருவரைப் பதிவுப் பணியில் பழக்குவது, நூலகர் விடுப்பில் செல்லும்போதும் உதவும்.

பொறுப்பு ஒப்படைப்பு

இத்தகைய தொகுப்புகள் பெரும்பாலும் கரையானால் அழிவதில்லை. பணியிட மாறுதலில்தான் அழிகின்றன. பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் நூல்களும் மேசை நாற்காலிகளும் இடம்பெறும்; சேர்க்கை எண் இல்லாத தாள் கட்டுகள் இடம்பெறுவதில்லை. புதிதாக வருபவர் அவற்றைக் கழிவுத் தாள் என்று எண்ணி எடைக்குப் போட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. எனவே ஒவ்வொரு பெட்டிக்கும் 'வட்டாரத் தொகுப்பு, பெட்டி 1' என்பதுபோலச் சேர்க்கைப் பதிவேட்டிலேயே ஒரு வரி எழுதி எண் கொடுத்துவிடுங்கள். அந்த நொடியிலிருந்து அது அரசுச் சொத்து, கணக்கில்லாமல் கழிக்க இயலாது. மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதல் கடிதத்தைப் பதிவேட்டின் உள்ளட்டையில் ஒட்டுங்கள். மின்னஞ்சல் கணக்கும் இணையச் சேமிப்பகமும் உங்கள் சொந்தப் பெயரில் இல்லாமல் நூலகத்தின் பெயரில் இருக்க வேண்டும். அவற்றின் கடவுச்சொற்களை மூடிய உறையில் வைத்து, ஒப்படைப்பு நாளில் பட்டியலின் கடைசி இனமாகச் சேர்த்து இருவரும் கையொப்பமிடுங்கள்.